பின்சந்துக்குப் போன வெயில்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியம். என் இடுப்புப் பிடிப்புக்கும் ஒரு குறையும் இல்லை, அதுவும் சௌக்கியம். நீயும் மாமாவும் பெண்ணும் எப்படி இருக்கிறீர்கள்?

போனிலேயே பேசித் தொலைக்கலாமே என்கிறாள் இவள். போனில் நீ வெறும் 'ம்' கொட்டுவாய், காகிதத்தில்தான் ஒழுங்காகத் திட்டுவாய் என்று சொல்லியிருக்கிறேன்.

செய்தி என்னவென்றால், உன் தம்பி செயலாளர் ஆகிவிட்டான். எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி முழுக்க சோலார் தகடு போட்டிருக்கிறோம் இல்லையா, அந்தச் சங்கத்துக்கு. கூட்டத்தின் நடுவே ஒரு நிமிஷம் பாத்ரூம் போனேன். திரும்பி வருவதற்குள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அந்த நேரத்தில் அறையில் இல்லாத ஒரே ஆள் நான்தான் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

ஆனாலும் வேலை நல்ல வேலை அக்கா. மாடியில் விழுகிற வெயிலில் கால் பங்கு எங்களுக்குப் பின்னால் இருக்கிற சந்துக்கு. அங்கே ஏழு வீடு. எல்லாம் அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். கம்பி இழுத்து, வீட்டுக்கு வீடு ஒரு குட்டி மீட்டர் வைத்து, இலவசமாகக் கொடுக்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை. மூன்று மாதம் தொடாமல் போட்டுவைத்தால் பொதுக்குழு பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இலவசமாக வருவதை யார் தொடாமல் வைப்பார்கள்?

இதில் எனக்குக் கிடைத்த சொத்து, என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிற ஒரு ஆப். எந்த வீட்டில் எப்போது எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று கோடு கோடாகத் தெரிகிறது. கண்ணாடிக் கடையில் ஊர்க் கண்களுக்கெல்லாம் பவர் பார்த்துக் கொண்டிருந்தவனுக்கு இப்போது ஊர் வீடுகளுக்குள்ளேயே பார்வை கிடைத்துவிட்டது. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் இதுதான் என் சினிமா.

மாமாவுக்கு இன்னும் காலை ஷிஃப்ட்தானா? நான் விசாரித்ததாகச் சொல்.

உன் திட்டுக்காக ஏங்கும்,
தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். உன் லெட்டர் கிடைத்தது. எல்லாரும் நன்றாக இருக்கிறோம். மாமாவும் நன்றாக இருக்கிறார். பெண்ணுக்குப் பரீட்சை வருகிறது.

செயலாளர் ஆனதற்கு வாழ்த்து. சின்ன வயதில் பக்கத்து வீட்டில் என்ன சமையல் என்று சுவர் ஏறிப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்வாய். இப்போது சுவரே இல்லாமல் செய்துகொடுத்துவிட்டார்கள்.

ஒன்று கேட்கணும். அந்தக் கோடு இருக்கிறதே, அதில் எந்தச் சாமான் ஓடுகிறது என்றுகூடத் தெரியுமா? ஃபேனா, அயர்ன் பாக்ஸா என்று? சும்மாதான் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். ஒத்தடம் கொடுத்ததில் இடுப்பு சிவந்ததுதான் மிச்சம். அங்கே பெண்ணின் பரீட்சை எப்படிப் போகிறது?

என்ன கேள்வி கேட்டாய் அக்கா, இதற்காகவே காத்திருந்தேன். சாமான் பெயர் தெரியாது. ஆனால் கோட்டின் உயரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். ஃபேன் என்றால் கோடு சாதுவாகப் படுத்திருக்கும். அயர்ன் பாக்ஸ் என்றால் துள்ளிக் குதிக்கும். நான் இப்போது அதில் பெரிய நிபுணன். பஞ்சர் கடைக்காரர் வீட்டில் விடியும் முன்பே லைட் எரிகிறது. பஞ்சர் ஒட்டுகிறவருக்கு அந்த நேரத்தில் என்ன வேலை என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போய்விட்டது. கடைசியில் பார்த்தால் மனிதர் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்கிறாராம். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பாராட்டினேன்.

இன்னொரு கூத்து கேள். சந்தில் துணிப்பை தைக்கிற அம்மா ஒருத்தி. வயசான அப்பாவோடு ஒண்டிக் குடித்தனம். தினம் மதியம் ரெண்டு மணிக்கு அவள் வீட்டுக் கோடு மட்டும் மலை மாதிரி எழும்புகிறது. ஃபேனும் இல்லை, லைட்டும் இல்லை, அதற்கு மேலே. எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. நேற்று குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். சந்தே அங்கேதான் நின்றது. "என்னம்மா, ரெண்டு மணிக்கு வீட்டுல என்ன, கல்யாணமா? மீட்டர் மேளம் கொட்டுதே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, பாதிதான் நிரம்பியிருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவசரம் போலிருக்கிறது.

எங்கள் மூன்றாம் மாடி ஆடிட்டரும் அப்போது பக்கத்தில் நின்றார். "நம்ம வெயில்ல நல்லா குளிர் காயறாங்க" என்றார். வெயிலில் எப்படிக் குளிர் காய்வது என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

மாமாவைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தாய். வேலை எப்படி என்று எழுது.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன்னிடமிருந்து பதிலே இல்லை. தபால்காரர் மேல் சந்தேகப்பட்டு அவரிடம் இரண்டு முறை விசாரித்துவிட்டேன். மூன்றாம் முறை என்னைப் பார்த்ததும் அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். உனக்கு உடம்பு சரியில்லையா?

இங்கே எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்தப் பை தைக்கிற அம்மாவின் கோடு படுத்துவிட்டது அக்கா. மலை போச்சு, மேடு போச்சு, தரையோடு தரை. மீட்டர் கோளாறு என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். "மீட்டர் நல்லாத்தான் இருக்கு. சுவிட்சுதான் போடலை" என்றார்.

நேரிலேயே போனேன். தகரக் கூரை. உள்ளே கால் வைத்தால் அடுப்பு. தையல் மிஷினில் மோட்டார் மாட்டியிருக்கிறது, ஆனால் காலால் மிதிக்கிறாள். அவள் அப்பா பாயில் படுத்து இழுத்து இழுத்து மூச்சு விடுகிறார். தலைக்கு மேலே ஃபேன் சும்மா தொங்குகிறது. அவர் ஒரு அட்டையால் தானே விசிறிக்கொள்கிறார், இரண்டு முறை விசிறினால் மூன்றாம் முறை கை விழுந்துவிடுகிறது.

"ஏம்மா ஃபேன் போடலை?"

"போதும் சார். எங்களுக்கு எதுக்கு அவ்வளவு."

"ரெண்டு மணிக்கு மோட்டார் ஓட்டுவீங்களே?"

"அது அப்போ சார். ஆர்டர் இருந்துச்சு, அப்பாவுக்கு ஆவி பிடிக்க வெந்நீர் வச்சேன். எல்லாம் ஒரே நேரத்துல போட்டுட்டேன். தெரியாம செஞ்சிட்டேன். இனிமே இல்லை."

தெரியாமல் செய்ததா? போடுவதற்குத்தானே கொடுத்தது? ஒன்றும் பிடிபடவில்லை. பஞ்சர் கடைக்காரர் வீட்டிலும் விடியற்காலை விளக்கைக் காணோம்.

ஜூன் கடைசியில் பொதுக்குழு. அதற்குள் மூன்று மாதம் ஆகிவிடும். பங்கை எடுத்து லிஃப்டுக்குக் கொடுத்துவிடலாம் என்று ஆடிட்டர் இப்போதே ஆள் சேர்க்கிறார். அப்படி ஆனால் அந்தக் கிழவருக்கு இந்த வெயில் காலம் மட்டுமில்லை, எந்த வெயில் காலத்திலும் காற்று கிடையாது.

நீயாவது ஒரு வழி சொல்.

தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு லெட்டரும் கிடைத்தன. கை வலி, அதனால் எழுத முடியவில்லை. வேறு ஒன்றுமில்லை. தபால்காரர் பாவம், அவரை விட்டுவிடு.

குழாயடியில் நீ அவளிடம் என்ன கேட்டாய் என்று மறுபடி ஒரு தடவை உன் லெட்டரை எடுத்துப் படித்தேன். நீயும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்.

அந்த வீட்டுக்கு இனிமேல் போகாதே. அவளை அவள் பாட்டுக்கு விடு.

மாமா நன்றாக இருக்கிறார்.

அக்கா

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். கை வலிக்குத் தைலம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வலது கையா இடது கையா என்று எழுதாததால் இரண்டு பாட்டில்.

நீ சொன்னபடி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். நல்ல நகைச்சுவையாகத்தான் இருந்தது. இவளிடமும் சொல்லிக்காட்டினேன். சிரிக்கவில்லை. ஆனால் இவள் கல்யாணமான நாளிலிருந்து என் ஜோக்குக்குச் சிரித்ததில்லை, அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அவள் வீட்டுக்குப் போகாதே என்றாய், போகவில்லை. ஆனால் சும்மா இருந்தால் பங்கு பறிபோய்விடுமே. யோசித்து ஒரு காரியம் செய்தேன். கேட்டால் மெச்சுவாய். சந்து முனையில் பெரிய அட்டை ஒன்று மாட்டினேன். ஏழு வீட்டுக்கும் ஏழு கட்டம். யார் வாரம் எவ்வளவு கரண்ட் எடுக்கிறார்களோ அந்த அளவுக்குப் பச்சைக் கலர் அடிப்பது. அதிகமாக எடுக்கிற வீட்டுக்கு என் கடையில் இலவசக் கண் பரிசோதனை. 'தயங்காமல் உபயோகிப்பீர்' என்று மேலே என் கையெழுத்திலேயே எழுதினேன். ஒலிபெருக்கி வைத்துப் படிக்கலாம் என்றும் நினைத்தேன், இவள் தடுத்துவிட்டாள்.

பலன்? ஏழு கோடும் படுத்துவிட்டன அக்கா. ஏழும். ஒருவரும் ஒரு பல்புகூடப் போடவில்லை. பழைய லைனில் ஒரு விளக்கை மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பின்னால் பில் வரும் என்று பயமா? ஷாக் அடிக்கும் என்று யாராவது கிளப்பிவிட்டார்களா? ஆடிட்டரின் சதியா? கடையில் ஒருவருக்குக் கண் பார்க்கும்போது இதையே யோசித்துக்கொண்டிருந்து, கிட்டப் பார்வைக்காரருக்குத் தூரப் பார்வைக் கண்ணாடி எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் வாசற்படியில் விழுந்து திரும்பி வந்தார்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. முந்தாநாள் அந்தப் பை தைக்கிற அம்மாவின் அப்பாவை வெக்கை தாங்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆட்டோ எங்கள் வாசல் வழியாகத்தான் போனது. அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் என்ன செய்தேன் அக்கா?

தம்பி

மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் வரவில்லை. அதனால் போன் செய்தேன். பகல் பதினோரு மணி. மாமா எடுத்தார். நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார். பின்னால் நீ இருமியது எனக்குக் கேட்டது. உன் இருமல் எனக்குத் தெரியாதா? "வேலை நாள்ல வீட்டுல இருக்கீங்களே, லீவா மாமா?" என்றேன். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். லைன் கணீரென்று இருந்தது.

கிழவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டார். ஃபேன் இன்னும் ஓடவில்லை. பொதுக்குழுவுக்கு ஆடிட்டர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். 'வீணாகும் பங்கைத் திரும்பப் பெறுதல்' என்பது முதல் பொருள்.

அங்கேயும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள், இங்கேயும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். என் மேல் கோபமா?

தம்பி

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

கோபம்தான். உட்கார்ந்து படி.

மாமாவின் ஃபேக்டரியைப் போன வருஷமே மூடிவிட்டார்கள். ஷிஃப்ட் எல்லாம் எப்போதோ முடிந்த கதை. உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் உடனே ரயிலேறி வருவாய், வருகிற வழியில் பெட்டியில் இருக்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வருவாய். அதனால்தான்.

இங்கே எங்கள் தெரு பள்ளிக்கூடத்துக் கூரையிலும் சோலார் போட்டிருக்கிறார்கள். அதில் கஷ்டப்படுகிற வீடுகளுக்கென்று ஒரு பங்கு. ஆறு மாதமாக நாங்களும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறோம். எங்களுக்கும் ஒரு செயலாளர் உண்டு. உன்னை மாதிரியே நல்ல மனுஷன். அவர் கையிலும் ஒரு போன்.

ஒரு நாள் மாமாவுக்கு இன்டர்வியூ. இருக்கிற ஒரு நல்ல சட்டையை எடுத்து, மடிப்பு நிற்கிற வரைக்கும் அயர்ன் பண்ணினேன். அன்றைக்குச் சாயங்காலம் மளிகைக் கடையில் செயலாளர் நின்றார். "என்னக்கா, இன்னைக்கு உங்க வீட்டு மீட்டர் துள்ளிக் குதிச்சுதே, ஏதாவது விசேஷமா?" என்றார். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான்தான் சாமான் வாங்காமலே திரும்பிவிட்டேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போது யாரோ பின்னால் நின்று நம் இலையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் சோறு இறங்குமா? அன்றிலிருந்து ஒரு லைட்டைத் தவிர நான் எதையும் போடுவதில்லை. மாமாவுக்கு வேலையும் கிடைக்கவில்லை.

அது நடந்த மறு மாதம் உன் குழாயடி லெட்டர் வந்தது. என் தம்பி எழுதின எழுத்து, அதே கேள்வி. படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். கை வலியெல்லாம் இல்லை. தைலத்தை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அவளுக்கு பில் பயமும் இல்லை, ஷாக் பயமும் இல்லை. உன் பயம். அதற்கு மேலே நீ பச்சைக் கலர் வேறு அடித்திருக்கிறாய்.

பணம் அனுப்பாதே. கிளம்பி வராதே. நீ அங்கே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

அக்கா

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் லெட்டரைக் கடையில் வைத்துப் படித்தேன். ஷட்டரை இறக்கிவிட்டு இன்னொரு தடவை படித்தேன். ஸ்டேஷனுக்குப் போனேன். டிக்கெட் ஜன்னல் வரைக்கும் போய், வராதே என்று நீ எழுதியது ஞாபகம் வந்து திரும்பிவிட்டேன். வழியில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

அட்டையைக் கழற்றிவிட்டேன். கழற்றும்போது பஞ்சர் கடைக்காரர் வந்து, "உதவட்டுமா சார்?" என்றார். அவ்வளவு ஆசையாக ஒரு மனிதர் ஸ்குரூ கழற்றி நான் பார்த்ததில்லை.

அடுத்தது மன்னிப்பு. அதில்தான் மாட்டிக்கொண்டேன். பலர் நடுவே கேட்டால் அது இன்னொரு குழாயடி. வீட்டுக்குப் போனால், போகாதே என்று நீ சொல்லியிருக்கிறாய். இரண்டு நாள் சந்து முனையில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அசடு வழிந்தேன். மூன்றாம் நாள் அவளே பை மூட்டையோடு வந்தாள். "அம்மா, அன்னைக்குக் குழாயடியில நான் வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும். தப்புதான். இனிமே நான் போனைப் பார்க்க மாட்டேன். நீங்க தாராளமாப் போடுங்க" என்றேன்.

அவள் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"சரி சார். ஆனா நீங்க பார்க்கலைங்கிறதை நாங்க எப்படிப் பார்க்கிறது?"

நியாயமான கேள்வி. எனக்கே என் மேல் நம்பிக்கை இல்லை. அவளிடம் சொல்லிவிட்டு வந்த அன்றே போன் இரண்டு தடவை தானாகக் கைக்கு வந்தது. ஒரு தடவை திறந்தும்விட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மூடினேன்.

தகடு போட்ட கம்பெனியைக் கேட்டேன். வீடு வீடாகப் பார்க்கிற வசதியையே அடைத்துவிடலாமாம். ஆனால் அதற்குப் பொதுக்குழு சம்மதிக்க வேண்டுமாம். பங்கையே பிடுங்க நினைக்கிற பொதுக்குழு. எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை.

இனி யார் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பதில்லை அக்கா. உன் வீடு உட்பட.

தம்பி

ஜூலை 5

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம்.

கூட்டம் முடிந்தது. சந்திலிருந்து யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். பை தைக்கிற அம்மாவும் பஞ்சர் கடைக்காரரும் வந்து கதவோரம் நின்றார்கள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரவில்லை.

ஆடிட்டர் எழுந்தார். "யாருமே எடுக்கலைன்னா எதுக்குக் கொடுக்கணும்? வீடு வாரியா படிங்க சார். கொடுக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றார். பின்வரிசையில் தலைகள் ஆடின. என்ன பேசுவது என்று எதுவும் தயார் செய்திருக்கவில்லை. கதவோரம் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எங்கிருந்தோ வாய் தானாகப் பேசியது.

"படிக்கலாம் சார். ஆனா பட்டியல்ல நம்ம மாடி வீடுகளும் இருக்கு. அதையும் சேர்த்தே படிச்சிடறேன். முதல்ல என் வீடு" என்றேன். தகடு கம்பெனியிலிருந்து வந்திருந்த பெண் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டினாள். என் கோடு காலையில் ஆகாயத்தில் நிற்கிறது. "இது கெய்சர். நான் பாட்டுப் பாடிக்கிட்டே குளிக்கிறது. இது மதியம், டிவி. கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு வீட்டுல கிரிக்கெட் பார்த்தது." இவள் முன்வரிசையில் இருந்தாள். இந்த விவரம் அவளுக்குப் புதிது. அதன் விளைவுகளை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். சபை சிரித்து ஓய்ந்தது. "அடுத்தது யாரு? ரெண்டாம் மாடியிலேர்ந்து வரட்டுமா, மூணாம் மாடியிலேர்ந்து வரட்டுமா?" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ரெண்டாம் மாடி பல் டாக்டர் தன் நகத்தை ஆராய்ந்தார். 'ஏசி உடம்புக்கு ஆகாது, நான் தொடுவதே இல்லை' என்று லிஃப்டில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்கிற ஆடிட்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரமாகுது. இதெல்லாம் ஒவ்வொருத்தர் சொந்த விஷயம்" என்றார். "அதைத்தான் சார் நானும் சொல்ல நினைச்சேன், எனக்கு வார்த்தை வரலை" என்றேன்.

வீட்டுக் கணக்கை அடைத்துவிட எல்லாரும் கை தூக்கினார்கள். ஆடிட்டர்தான் முதலில். சந்துப் பங்கு இன்னும் ஒரு வருஷம் அப்படியே தொடரட்டும் என்றும் முடிவானது. கம்பெனிப் பெண் அங்கேயே, எல்லார் கண்ணெதிரிலும் அடைத்தாள். சுவரில் இருந்த அத்தனை கோடும் போய் இரண்டே இரண்டு மிஞ்சின. மாடிக்கு ஒன்று, சந்துக்கு ஒன்று. அப்போதுதான் பை தைக்கிற அம்மாவின் தலை நிமிர்ந்தது.

நாலைந்து நாளாகச் சந்துக் கோடு மெல்ல எழும்புகிறது. எந்த வீடு என்று தெரியவில்லை. தெரியாமல் இருப்பது உடம்பை என்ன பாடு படுத்துகிறது அக்கா. தும்மல் வருகிற மாதிரி வந்து வராமலே நிற்கிறது.

நேற்று அவள் தன் அப்பாவைக் கண் பார்க்கக் கடைக்குக் கூட்டிவந்தாள். நான் எழுத்துப் பலகையைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. கிழவர்தான் தானாக ஆரம்பித்தார். "காத்து ஜாஸ்தி சார். பகல்லயே போர்வை கேட்கிறேன். ஃபேனைக் குறைடின்னா இவ குறைக்க மாட்டேங்கிறா" என்றார். அவள், "அப்பா, எழுத்தைப் படிங்க" என்றாள். நான் கேட்காத மாதிரி லென்ஸை மாற்றினேன். அவர் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

இவ்வளவுதான் செய்தி.

தம்பி

ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். லெட்டரைப் படித்துவிட்டு மாமா சத்தமாகச் சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சத்தம். பெண் பக்கத்து அறையிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

கிழவருக்குக் குளிர்கிறது என்ற இடத்தை மாமாவுக்கு இன்னொரு தடவை படித்துக் காட்டினேன்.

ஆனால் உன் லெட்டரை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன்டா. முன் பக்கம், பின் பக்கம், ஓரம். எங்கேயும் நான் எப்படி இருக்கிறேன் என்று இல்லை. மாமா எப்படி, பெண் எப்படி, ஒன்றும் இல்லை. முந்தைய லெட்டரிலும் இல்லை. எல்லாவற்றையும் அடைத்துவிட்டாய் போலிருக்கிறது. உனக்கு ஒன்று சொன்னால் அதை நூறாகச் செய்வாய், சின்ன வயதிலிருந்தே இப்படித்தான்.

குழாயடியில் கேட்காதே என்றேன். மளிகைக் கடையில் கேட்காதே என்றேன். லெட்டரில் கேட்பதை யார் வேண்டாம் என்றது?

எங்கள் செயலாளரிடம் நான் இன்னும் பேசவில்லை. இரண்டு தடவை அவர் வீட்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உன்னைக் கேட்கலாம் என்று நினைத்தேன். நீ கேட்டால்தானே நான் சொல்ல?

பதில் எழுதும்போது முதல் வரியில் கேள். மாமாவுக்கு வேலை கிடைத்ததா என்று கேள். ராத்திரி தூங்குகிறாயா என்று கேள். வீட்டில் ஃபேன் ஓடுகிறதா என்றும் கேள். மழுப்பாமல் சொல்கிறேன்.

உன் கேள்விக்காகக் காத்திருக்கும்,
அக்கா